ஒரு எடிட்டர், மூன்று இயங்குதளங்கள்: வேறுபாட்டை எங்கே வைப்பது?

டெர்மினலில் ஓடும் சின்ன எடிட்டர் ஒன்றை சி மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் மெய்ப்புப் பார்ப்பதற்காக எனக்கென்று எழுதிக்கொண்டது. லினக்ஸில் மட்டும்தான் ஓடும், எனக்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் கூடவே மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவரிடம் விண்டோஸ் மடிக்கணினி, இன்னொருவரிடம் மேக். "கொஞ்சம் மாத்திக் கொடுத்தாப் போதுமே" என்றார் விண்டோஸ் நண்பர். அவர் சொன்னது சரிதான், மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை மூல நிரலில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஐந்து வருடம் கழித்தும் அந்த நிரலில் கை வைக்க முடியுமா முடியாதா என்பது இருக்கிறது.

இதை முடிவு செய்வதற்காக விம், ஈமேக்ஸ், நியோவிம், மைக்ரோ போன்ற எடிட்டர்களின் மூல நிரலைத் திறந்து படித்தேன். எல்லாம் திறந்த மூலம், யாரும் படிக்கலாம். இதே கேள்விக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் இன்னொருவருக்கு உதவும் என்று என் ஒப்பீட்டை எழுதி வைக்கிறேன்.

அளவுகோல்: சேமிப்பது

எடிட்டரில் இயங்குதளத்தைத் தொடும் இடங்கள் பல. விசைகளைப் படிப்பது, திரையின் அகலத்தை அறிவது, கிளிப்போர்டு, கோப்புப் பெயர்கள் என்று நீளும். ஒப்பிடுவதற்கு நான் ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டேன்: கோப்பைச் சேமிப்பது. மற்றவை சொதப்பினால் எரிச்சலோடு போய்விடும். சேமிப்பது சொதப்பினால் ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு போய்விடும்.

லினக்ஸில் பாதுகாப்பான வழக்கம் இது: அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி அதில் எழுத வேண்டும். எஃப்சிங்க் அழைத்து அதை வட்டில் இறக்க வேண்டும். பிறகு ரீனேம் அழைத்து, பழைய கோப்பின் இடத்தில் புதியதை உட்கார வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பழைய கோப்பு முழுசாக இருக்கும், இல்லையென்றால் புதியது முழுசாக இருக்கும். பாதிக் கோப்பு என்று ஒன்று இருக்காது.

இதையே விண்டோஸுக்குக் கொண்டுபோனால் கடைசிப் படியில் நின்றுவிடும். அங்கே சி லைப்ரரியின் (சி மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பின்) ரீனேம், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் முடியாது என்று திருப்பிவிடும். மூவ்ஃபைல்எக்ஸ் என்ற விண்டோஸின் சொந்த அழைப்பை, இருப்பதை மாற்றிவிடு என்ற ஃபிளாகோடு அழைக்க வேண்டும்.

மேக்கில் நிலைமை வேறு. அங்கே எல்லாம் கம்பைல் ஆகும், அதாவது மூல நிரல் இயங்கு கோப்பாக மாறும், எல்லாம் ஓடும், ஒரு பிழைச்செய்தியும் வராது. ஆனால் மேக்கின் எஃப்சிங்க், தரவை வட்டிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். வட்டு தன் உள் நினைவகத்தில் வைத்திருப்பதை நிரந்தர இடத்தில் எழுதியே தீர வேண்டும் என்று அது வற்புறுத்தாது. அதற்கு எஃப்சிஎன்டிஎல் வழியாக எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஆக, இயங்குதள வேறுபாடுகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கம்பைலரோ முதல் ஓட்டமோ உடனே காட்டிக்கொடுப்பது. இன்னொன்று, சத்தமே போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்து, கரண்ட் போகிற ஒரு நாளில் வெளியே வருவது. முதல் ஜாதியை எந்த முறையில் எழுதினாலும் சமாளித்துவிடலாம். இரண்டாவது ஜாதியை எந்த முறை கண்ணில் படும்படி வைக்கிறது என்பதைத்தான் நான் பார்த்தேன்.

வந்த இடத்திலேயே இஃப்டெஃப்

எல்லாரும் முதலில் செய்வது இதுதான், நானும் இதைத்தான் செய்தேன். சேமிக்கும் ஃபங்ஷனுக்குள் விண்டோஸ் என்றால் இது, மேக் என்றால் அது, இல்லையென்றால் பழையது என்று இஃப்டெஃப் போட்டேன். எந்த வரிகளை எங்கே எடுத்துக்கொள்வது என்று கம்பைலருக்குச் சொல்லும் நிபந்தனை அது. ஒரே மாலையில் மூன்றிலும் சேமித்தது.

மறுவாரம் அந்த ஃபங்ஷனில் ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருந்தது: தற்காலிகக் கோப்பின் அனுமதிகள் பழைய கோப்பின் அனுமதிகளோடு ஒத்துப்போகவில்லை. லினக்ஸ் கிளையில் திருத்தினேன், சோதித்தேன், முடிந்தது என்று நினைத்தேன். மேக் கிளையிலும் அதே வரிகள் இருந்தன, அங்கே திருத்தவில்லை. லினக்ஸில் கம்பைல் செய்யும்போது மேக் கிளையைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. அதில் எழுத்துப்பிழை இருந்தால்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். மேக் நண்பருக்கு ஒரு கோப்பு அவர் மட்டும் படிக்கக்கூடியதாக மாறிப்போய், அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சால்வடோர் சான்ஃபிலிப்போ 2016-இல் வெளியிட்ட கிலோ எடிட்டர் ஆயிரம் வரிக்குள் முடிந்துவிடும். அதில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் அது யூனிக்ஸ் வகை டெர்மினலை மட்டுமே நம்பி எழுதப்பட்டது. கோப்பைத் திறந்து, நீளத்தை வெட்டி, அப்படியே எழுதிவிடும். கற்றுக்கொள்வதற்கு எழுதிய எடிட்டருக்கு அது சரியான முடிவு. வேறொருவரின் எழுத்தை அதில் ஒப்படைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

என் கணிப்பு: மொத்த நிரலிலும் ஐந்தாறு இடம் என்றால் இஃப்டெஃப் போதும். இயங்குதளத்தோடு இன்னொரு பரிமாணமும் சேர்ந்தால், அதாவது 'இந்த வசதி இருந்தால்' என்ற இஃப்டெஃப்களும் வந்தால், பெருக்கல் கணக்கில் ஏறிவிடும். விம்மில் இது நடந்திருக்கிறது. டைனி, நார்மல், ஹியூஜ் என்று வசதித் தொகுதிகள் ஒரு பக்கம், இயங்குதளங்கள் இன்னொரு பக்கம். 2014-இல் நியோவிம்மைத் தொடங்கியவர்கள் முதல் வேலைகளில் ஒன்றாக, யூனிஃப்டெஃப் என்ற கருவியை விட்டு இந்த நிபந்தனைகளைக் கூட்டித் தள்ளினார்கள்.

விம் வழி: ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனிக் கோப்பு

விம்மை இஃப்டெஃப் காடு என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. பிராம் மூலனார் 1991-இல் அதை முதலில் வெளியிட்டது அமிகா கணினிக்கு. பிறகு யூனிக்ஸ், டாஸ், விண்டோஸ், விஎம்எஸ் என்ற பழைய இயங்குதளம், மேக் என்று அது போகாத ஊரில்லை. அத்தனை இடம் போயும் ஒரே மூல நிரலாக இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இயங்குதளத்தைத் தொடும் வேலைகளுக்கு அது ஒரு பெயர்வரிசை வைத்திருக்கிறது. எல்லாம் எம்சிஎச் என்ற முன்னொட்டோடு தொடங்கும், மெஷின் என்பதன் சுருக்கம். விசை படிக்க, அனுமதி பார்க்க, கோப்புறையா என்று கேட்க, திரையின் அளவு அறிய என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்சிஎச் ஃபங்ஷன். யூனிக்ஸுக்கான உடல் ஓஎஸ்_யூனிக்ஸ் கோப்பில் இருக்கும், விண்டோஸுக்கானது ஓஎஸ்_வின்32 கோப்பில், விஎம்எஸுக்கானது ஓஎஸ்_விஎம்எஸ் கோப்பில். மேலே இருக்கும் எடிட்டர் நிரலுக்கு எந்த ஊரில் ஓடுகிறோம் என்ற கவலை பெரும்பாலும் இல்லை.

இதனால் என்ன கிடைக்கிறது என்பதை ஓஎஸ்_வின்32 கோப்பில் இருக்கும் பெயர்மாற்ற ஃபங்ஷனைப் பார்த்தால் புரியும். அதன் தலையில் நீளமாக ஒரு குறிப்பு: விண்டோஸ் 95-இல் ஒரு கோப்பின் பெயரோடு கடைசியில் ஒரு டில்டாவை (~) சேர்த்து மாற்றினால், நீளப் பெயர் சரியாக மாறும், ஆனால் டாஸ் காலத்து எட்டு-மூன்று குறும்பெயர் (பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று) பழைய பெயராகவே ஒட்டிக்கொள்ளும். விம் தன் காப்புக் கோப்புக்கு வைக்கும் பெயரே டில்டா சேர்த்ததுதான். விளைவு என்ன? பழைய பெயரில் புதிய கோப்பை எழுதப் போனால், குறும்பெயர் வழியாக அது காப்புக் கோப்பின் மேலேயே போய் விழலாம். இதைத் தவிர்க்க அந்த ஃபங்ஷன் ஒரு சுற்றுவழி போகிறது: கோப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கு நகர்த்தும், பழைய பெயரில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி அந்த இடத்தைப் பிடித்து வைக்கும், பிறகு தற்காலிகத்தைப் புதுப் பெயருக்கு மாற்றும், கடைசியாகக் காலிக் கோப்பை அழிக்கும்.

சத்தம் போடாத ஜாதி வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் தரவை இழந்து, யாரோ ஒருவர் காரணத்தைத் துருவி, அந்த அறிவு ஒரு கோப்பில், ஒரு ஃபங்ஷனில், காரணத்தோடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில் வேலை செய்பவர் அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, விண்டோஸில் வேலை செய்பவர் அதைத் தவறவிட முடியாது. ஒரு இயங்குதளத்தைக் கைவிடும்போதும் சுலபம். விம் 8.0 வந்த 2016-இல் டாஸ், ஓஎஸ்/2 ஆதரவு போனது. தனிக் கோப்பில் இருந்த பகுதி கோப்போடு போய்விடும். நடுநடுவே இஃப்டெஃப்பாகத் தூவியிருந்ததைத்தான் தேடித் தேடிப் பிடுங்க வேண்டும்.

குறையும் உண்டு. மேக், யூனிக்ஸ் குடும்பத்தில் சேர்ந்ததால் அதற்குப் பெரும்பாலும் ஓஎஸ்_யூனிக்ஸ் கோப்புதான். அங்கே யூனிக்ஸ்களுக்குள் இருக்கும் வேறுபாடுகள் மறுபடி இஃப்டெஃப்பாகவே வருகின்றன. மேலே சொன்ன எஃப்_ஃபுல்எஃப்சிங்க் விம்மில் இருக்கிறது, ஆனால் பொதுவான கோப்பு எழுதும் நிரலின் நடுவில், மேக் என்ற இஃப்டெஃப்புக்குள்.

ஈமேக்ஸ் வழி: எல்லா ஊரும் யூனிக்ஸ் என்று வைத்துக்கொள்வது

ஈமேக்ஸ் தனிப் பெயர்வரிசை உருவாக்கவில்லை. மேல்நிரல் யூனிக்ஸுக்கு எழுதியது போலவே ஓபன், ரீனேம் என்று அழைக்கும். விண்டோஸில் கம்பைல் செய்யும்போது ஒரு தலைப்புக் கோப்பு (மற்ற மூலக் கோப்புகள் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு), ரீனேம் என்ற பெயரைப் பார்த்தால் சிஸ்_ரீனேம் என்று மாற்றிவிடும். அந்த சிஸ்_ரீனேம், யூனிக்ஸ் ரீனேம் நடந்துகொள்வது போலவே விண்டோஸில் நடித்துக் காட்டும். க்னூலிப் என்ற நிரல் தொகுப்பும் இதே கொள்கைதான்: ஒரு இயங்குதளத்தில் ஒரு ஃபங்ஷன் இல்லை, அல்லது கோளாறாக இருக்கிறது என்றால் அதே பெயரில் சரியான ஒன்றைத் தரும். ஈமேக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது, நானோ என்ற எடிட்டரும் 2017 முதல் பயன்படுத்துகிறது.

யூனிக்ஸ் தெரிந்தவர் கற்க வேண்டிய புதுப் பெயரே இல்லை என்பது இதன் பெரிய பலம். பலவீனமும் அங்கேயேதான். மேல்நிரலைப் படிக்கும்போது இந்த அழைப்புக்குப் பின்னால் வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்பதே தெரியாது. அதோடு நடிப்பை முழுசாக எழுத ஆள் வேண்டும். ஈமேக்ஸுக்கு அப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். ஒற்றை ஆளாக எழுதுபவருக்கு, தன் எடிட்டருக்குத் தேவையில்லாத மூலைகள் வரைக்கும் யூனிக்ஸை நடிக்க வைப்பது வீண் உழைப்பு.

ஈமேக்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. அதன் பழைய மூல நிரலில் எஸ், எம் என்று இரண்டு கோப்புறைகள் இருந்தன: இயங்குதளத்துக்கு ஒரு தலைப்புக் கோப்பு, கணினி வகைக்கு ஒரு தலைப்புக் கோப்பு. வாக்ஸ் என்ற பழைய கணினி வகை என்றால் இன்னின்ன உண்டு, இந்த யூனிக்ஸ் என்றால் இன்னின்ன இல்லை என்று பெயர் சொல்லி எழுதி வைத்திருப்பார்கள். புது இயந்திரம் வந்தால் புதுக் கோப்பு, பழைய இயந்திரத்தின் புதுப் பதிப்பு வந்தால் அந்தக் கோப்பில் திருத்தம். இந்தக் கோப்புகளைப் படிப்படியாகக் கழித்து, 2010-களின் தொடக்கத்தில் அந்தக் கோப்புறைகளையே எடுத்துவிட்டார்கள். பெயரைக் கேட்பதற்குப் பதில், கம்பைல் செய்யும் முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அந்த இயந்திரத்தையே சோதித்துக் கேட்கத் தொடங்கியது.

ஈமேக்ஸின் அன்எக்செக் என்ற பழைய முறையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஈமேக்ஸ் வேகமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக, லிஸ்ப் மொழியில் எழுதிய தன் நிரல்களை எல்லாம் ஏற்றிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் தன் நினைவகத்தையே ஒரு புதிய இயங்கு கோப்பாக அப்போது எழுதி வைக்கும். ஒவ்வொரு இயங்குதளத்தின் இயங்கு கோப்பு வடிவத்துக்கும் இதற்கென ஒரு தனிக் கோப்பு வேண்டியிருந்தது: லினக்ஸின் ஈஎல்எஃப் வடிவத்துக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. தனிக் கோப்பு நல்லது என்று மேலே சொன்னேன். ஆனால் இங்கே தனிக் கோப்பு எத்தனை சுத்தமாக இருந்தும் பலனில்லை, ஏனென்றால் கேட்ட காரியமே இயங்குதளத்தின் வயிற்றுக்குள் கை விடுவது. 2016-இல் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி, அன்எக்செக் நம்பியிருந்த உள்வழிகளை எடுக்கப் போவதாகப் பேச்சு எழுந்ததும் அடித்தளமே ஆடியது. 2020-இல் வந்த ஈமேக்ஸ் 27, எல்லா இயங்குதளத்துக்கும் பொதுவான போர்ட்டபிள் டம்பர் முறைக்கு மாறியது. வேறுபாட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன், இந்த வேறுபாட்டைத் தொடாமலே வேலையை முடிக்க முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றியது.

சோதித்துப் பார்ப்பதா, சொல்லி வைப்பதா?

தனிக் கோப்பு என்று முடிவு செய்தாலும் அடுத்த கேள்வி நிற்கும்: இந்த இயந்திரத்தில் எந்த லைப்ரரி இருக்கிறது, எந்த ஃபங்ஷன் இருக்கிறது என்பதை யார் சொல்வது?

1991-இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப், கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் கருவி, இதைச் சோதித்துச் சொல்லும். ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆகிவிட்டால் உண்டு, ஆகாவிட்டால் இல்லை. சிமேக், மெசான் போன்ற, நிரலைக் கட்டித் தரும் மற்றக் கருவிகளும் வேறு மொழியில் இதையேதான் செய்கின்றன. கருத்து அழகானது. ஆனால் 'ஆகவில்லை' என்பதற்கு நூறு காரணம் இருக்கலாம், சோதனைக்கோ ஒரே பதில்தான் தெரியும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். புதுக் கணினியில் விம்மை மூலத்திலிருந்து கம்பைல் செய்தேன். பிழையே இல்லை. இரண்டு நாள் கழித்து, உலாவியில் நகலெடுத்த ஒரு பத்தியை விம்மில் ஒட்டப் போனால் ஒட்டவில்லை. வெர்ஷன் கட்டளை கொடுத்துப் பார்த்தால், வசதிப் பட்டியலில் கிளிப்போர்டுக்கு முன்னால் ஒரு மைனஸ். லினக்ஸில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்11 சார்ந்த டெவலப்மென்ட் பேக்கேஜ் என் கணினியில் இல்லை. கான்ஃபிகர் அதைத் தேடியது, காணோம், கிளிப்போர்டு இல்லாமலே கட்டிக் கொடுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிய திரையில் 'இல்லை' என்று ஒரு வரி வந்திருக்கும். யார் படிக்கிறார்கள்? அதே கான்ஃபிகர், டெர்மினல் லைப்ரரி கிடைக்காவிட்டால் மட்டும் நின்றுவிடும், எந்தப் பேக்கேஜை நிறுவ வேண்டும் என்றும் சொல்லும். கட்டளையில் நாம் பெயர் சொல்லிக் கேட்ட வசதி கிடைக்கவில்லை என்றால் நிறுத்து என்று சொல்ல விம்மில் ஒரு தேர்வும் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பது, ஒரு தடவை அடிபட்டவருக்குத்தான் தெரியும்.

ஈமேக்ஸ் இதில் நேர்மையானது. ஜிஃப் படங்கள், டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைய இணைப்பு போன்றவற்றுக்கான லைப்ரரி இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். வேண்டாம் என்று நீங்களே சொல்ல வேண்டும், அல்லது 'கிடைத்தால் சேர்' என்று எழுத வேண்டும். முடிவில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஒரு பட்டியலும் தரும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். ஆனால் எனக்கும் இரண்டு நண்பர்களுக்குமாக மூன்று கணினியில் கட்டும்போது, மூன்றிலும் ஒரே எடிட்டர்தான் இருக்கிறது என்ற நிம்மதி அந்த எரிச்சலுக்குக் கிடைக்கும் கூலி.

சத்தமில்லாத சோதனை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவி விவகாரத்தில் உலகமே பார்த்தது. அது எடிட்டர் இல்லை, ஆனால் விஷயம் இதேதான். வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும், கிட் களஞ்சியத்தில் இல்லாத விதமாக மாற்றப்பட்ட ஒரு எம்4 கோப்பு (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கப் பயன்படும் கோப்பு) வழியாக, கான்ஃபிகர் நடக்கும்போதே பின்கதவு உள்ளே போனது. அதே மூல நிரலின் சிமேக் கோப்பில், லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதியைத் தேடும் சோதனை நிரலுக்குள் ஒரே ஒரு முற்றுப்புள்ளி செருகப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை ஒருபோதும் கம்பைல் ஆகாது. ஆகாததால் 'இந்தக் கணினியில் லேண்ட்லாக் இல்லை' என்று முடிவாகி, பாதுகாப்பு இல்லாமலே கட்டப்படும். பிழைச்செய்தி கிடையாது. கம்பைல் ஆகாததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் எந்தக் கருவியிலும் இந்த ஓட்டை இருக்கிறது.

அதனால் என் நிலைப்பாடு: இயங்குதளம் எது என்பதைச் சோதிக்கவே வேண்டாம், சொல்லி வைத்தால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்றே மூன்று இருக்கும் காலத்தில் முப்பது யூனிக்ஸ்களைத் துருவும் ஸ்கிரிப்ட் எனக்குத் தேவையில்லை. லைப்ரரிகளை மட்டும் சோதிக்கலாம், கிடைக்காவிட்டால் நின்றுவிட வேண்டும்.

ஒரே மூலத்தைப் பல கணினிகளுக்குக் கட்டுபவர்களுக்கு இடையில் ஒரு சின்னக் குறிப்பு: விம்மைக் கட்டும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் ஷேடோ என்ற இலக்கு இருக்கிறது. மூலக் கோப்புகளுக்கு இணைப்புகள் மட்டும் வைத்த தனிக் கோப்புறையை உருவாக்கி, கான்ஃபிகர் முடிவுகளையும் கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அங்கேயே வைக்கும். ஒரு இயந்திரத்தின் முடிவுகள் இன்னொன்றோடு கலக்காது. சிமேக், மெசான் இரண்டிலும் தனி பில்ட் கோப்புறை என்பது சாதாரணமாகிவிட்டது, மெசானில் அது கட்டாயம்.

நியோவிம் வழி: லைப்ரரியிடம் விடு, மீதியை ஓடும்போது கேள்

நியோவிம் இரண்டு காரியம் செய்தது. இயங்குதள வேலையின் பெரும்பகுதியை லிப்யூவி என்ற லைப்ரரியிடம் ஒப்படைத்தது. 2011-இல் நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி விண்டோஸுக்குப் போவதற்காக எழுதப்பட்டது அது. நிகழ்வுகளுக்காகக் காத்திருக்க ஒவ்வொரு இயங்குதளமும் தரும் வசதிகளான லினக்ஸின் ஈபோல், மேக்கின் கேக்யூ, விண்டோஸின் ஐஓசிபி மூன்றையும் ஒரே முகமாகக் காட்டும். நான் நேராகப் போய்ப் பார்த்தது அதன் எஃப்சிங்க்கை. மேக்கில் எஃப்_ஃபுல்எஃப்சிங்க் கேட்கிறது, அது ஆகாவிட்டால் அடுத்த வழிக்கு இறங்குகிறது. நான் மறந்திருந்தாலும் அது மறந்திருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே லிப்யூவிக்கு என் மதிப்பு கூடியது.

இரண்டாவது, கிளிப்போர்டைக் கம்பைல் நேரத்திலிருந்து வெளியே எடுத்தது. கிளிப்போர்டைக் கையாளும் சின்னக் கருவிகளில் எக்ஸ்கிளிப் இருக்கிறதா, எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் என்றால் டபிள்யூஎல்-காப்பி இருக்கிறதா, மேக் என்றால் பிபிகாப்பி, விண்டோஸ் என்றால் வின்32யாங்க் என்று ஓடும்போது தேடிப் பயன்படுத்தும். கிடைக்காவிட்டால் செக்ஹெல்த் கட்டளை சொல்லும். விம்மில் இரண்டு நாள் கழித்து நான் முட்டிக்கொண்ட பிரச்சினை இங்கே எழவே வழியில்லை. யோசித்தால் இதுதான் சரி. கிளிப்போர்டு கட்டிய இயந்திரத்தின் குணம் இல்லை, பயன்படுத்துபவர் அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் திரையின் குணம். காலையில் எக்ஸ்11-இல் உட்காருபவர் மாலையில் எஸ்எஸ்எச் வழியாக, தொலைவிலிருந்து வருவார். கட்டும்போது அதை எப்படித் தீர்மானிப்பது?

விலை என்ன? லிப்யூவி நிகழ்வுச் சுழற்சியைச் சுற்றிக் கட்டப்பட்டது, அதாவது பல மூலங்களிலிருந்து வரும் நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கவனிக்கும் சுற்றை. வெளி நிரல்களை ஓட்டி, நெட்வொர்க்கில் பேசும் எடிட்டருக்குப் பொருத்தம். விசையைப் படி, வரியை மாற்று, சேமி என்ற அளவில் நிற்கும் என் எடிட்டருக்கு அது பெரிய சுமை.

மொழியே பார்த்துக்கொள்ளும் வழி

மைக்ரோ எடிட்டர் கோ மொழியில் எழுதப்பட்டது. கோ மொழியில் கோப்புப் பெயரின் கடைசியில் விண்டோஸ் என்றோ டார்வின் (மேக்கின் உள்பெயர்) என்றோ போட்டாலே அந்தக் கோப்பு அந்த இயங்குதளத்துக்கு மட்டும் சேரும். விம்மின் தனிக் கோப்பு முறையை மொழியின் விதியாகவே ஆக்கியது மாதிரி. லினக்ஸில் உட்கார்ந்து ஒரு சூழல் மாறியை மாற்றினால் விண்டோஸுக்கான கோப்பு கைக்கு வந்துவிடும். சேமிப்பதிலும் ஏமாற்றமில்லை: கோவின் ரீனேம் விண்டோஸில் இருப்பதை மாற்றும், 1.12 பதிப்பிலிருந்து அதன் சிங்க் மேக்கில் எஃப்_ஃபுல்எஃப்சிங்க் கேட்கும். யூனிக்ஸ் அல்லாத இடங்களில் ரீனேம் பிளவில்லாத ஒரே செயலாக நடக்கும் என்ற உறுதி இல்லை என்று ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், தயங்காமல் கோ அல்லது ரஸ்ட் என்பேன். மைக்ரோசாஃப்ட் 2025-இல் திறந்த மூலமாக வெளியிட்ட எடிட் நிரலும் ரஸ்ட்டில்தான் எழுதப்பட்டது, அதிலும் யூனிக்ஸுக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு. மொழி மாறினாலும் அந்தப் பிரிவு மாறவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சி நிரலை இதற்காக மட்டும் மாற்றி எழுதுவது, ஓட்டில் ஒரு ஒழுகலுக்காக வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி.

தமிழ் எழுத்து கொண்டுவரும் வேறுபாடுகள்

இது எந்த எடிட்டருக்கும் பொருந்தும், ஆனால் தமிழில் எழுதுபவர்கள்தான் முதலில் முட்டிக்கொள்வார்கள்.

கொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்து இரண்டாகவே சேமிக்கும். 'கொடி' என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டு, கோப்புறையைப் படித்துப் பெயரை பைட் பைட்டாக ஒப்பிட்டால் பொருந்தாது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தையே வைத்திருக்கும், ஆனால் பழைய வட்டுகளிலிருந்து வந்த கோப்புகள் பிரிந்த பெயரோடே வரும். விம்மில் மேக்குக்கென்றே பெயர்களைச் சேர்த்துத் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் என் மேக் நண்பர் 'கோப்பு இரண்டாகத் தெரிகிறது' என்று சொன்னதன் காரணம் எனக்குப் பிடிபட்டது.

இன்னொன்று, சி மொழியின் அகல எழுத்து வகை லினக்ஸிலும் மேக்கிலும் 32 பிட், விண்டோஸில் 16 பிட். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு 16 பிட் போதும். ஆனால் 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த தமிழ்ப் பிற்சேர்க்கையில் முந்திரி போன்ற பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகள் இருக்கின்றன, அவை 16 பிட்டுக்குள் அடங்காது. பழைய நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்பவருக்கு அவை வேண்டும். இதற்கு இஃப்டெஃப்பும் வேண்டாம், தனிக் கோப்பும் வேண்டாம். உள்ளே எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 ஆக (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) வைத்துக்கொண்டு, விண்டோஸ் அழைப்புகளின் வாசலில் மட்டும் மாற்றினால் போதும். டெர்மினலில் எழுத்தின் அகலத்தையும் இயங்குதளத்திடம் கேட்காமல் சொந்த அட்டவணை வைத்துக்கொள்வது நல்லது. விம் அப்படித்தான் வைத்திருக்கிறது.

நான் எடுத்த முடிவு

விம் வழியைத் தேர்ந்தெடுத்தேன், ஒரு மாற்றத்தோடு: மேக்குக்கும் தனிக் கோப்பு. யூனிக்ஸ் பொதுவானதை ஒரு கோப்பில் வைத்து, சேமிப்பது, கோப்புப் பெயர் படிப்பது இரண்டையும் லினக்ஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியாக எழுதினேன். கொஞ்சம் வரிகள் இரட்டிப்பாகின்றன, பரவாயில்லை. மேக் கோப்பைத் திறப்பவருக்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் முதல் திரையிலேயே தெரியும், ஏன் என்ற குறிப்போடு.

மேல்நிரலில் இயங்குதள இஃப்டெஃப் ஒன்றுகூட இல்லை. கட்டுவதற்கு மெசான். எந்தக் கோப்பு சேர வேண்டும் என்பதை இயங்குதளப் பெயரை வைத்து நேரடியாகச் சொல்லியிருக்கிறேன், லைப்ரரி இல்லையென்றால் நின்றுவிடும். கிளிப்போர்டு நியோவிம் மாதிரி, ஓடும்போது. லிப்யூவி இப்போதைக்கு வேண்டாம், பிழைதிருத்தியைப் பின்னணியில் ஓட்டும் நாள் வந்தால் மறுபடி யோசிப்பேன்.

அதோடு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று இயங்குதளத்திலும் தானாகக் கட்டிச் சோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இது இல்லாமல் மேலே சொன்ன எந்த முறையும் பாதிதான். நான் உட்காராத இயந்திரத்தின் கோப்பை வேறு எதுவும் எனக்காகப் படித்துப் பார்க்காது.

விண்டோஸ் கோப்பு கம்பைல் ஆகி, விண்டோஸ் நண்பர் போன வாரத்திலிருந்து அதில்தான் மெய்ப்புப் பார்க்கிறார். ஜன்னலின் அளவை மாற்றினால் திரை உடனே மாறவில்லை என்றார். யூனிக்ஸில் அதற்கு ஒரு சிக்னல் வரும், விண்டோஸில் கன்சோலிடமிருந்து நிகழ்வாகப் படிக்க வேண்டும், அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேக் கோப்பில் ஒகரக் குறியைச் சேர்க்கும் ஃபங்ஷன் முடிந்துவிட்டது. மேக் நண்பருடைய பழைய வட்டில் இருக்கும் கோப்புறையை வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் பாக்கி.